வளைகாப்பு அன்னிக்கு நின்ன ஃபேன்

கை தட்டுனது போதும் தாய்மாரே... ஒரு சின்னக் கதை பாக்கி இருக்கு, அதைச் சொல்லாம இந்த மைக்கை விடமாட்டேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் பாண்டீஸ்வரின்னு ஒரு பொம்பளை. வீட்டு மாடியில சோலார் போட்டா. போட்டதும் அவ நடையே மாறிப்போச்சு! கரண்டு பில்லு வந்தா நாமெல்லாம் நெஞ்சைப் பிடிப்போம்... அவ சிரிப்பா!

தங்கச்சிக்கு வளைகாப்பு வந்துச்சு. வீட்டுக்காரர், "மண்டபம் பாப்போமா?"ன்னாரு. இவ விடுவாளா? "மண்டபம் எதுக்குங்க? சூரியனே நம்ம வீட்ல வேலை பாக்குறாரு! ஊரே கரண்டு இல்லாம கிடந்தாலும் நம்ம வீட்டு ஃபேன் சுத்தும்!" இதைத் தெரு பூரா வேற சொல்லி வச்சுட்டா.

வளைகாப்பு நாள். உச்சி வெயில். கூடம் கொள்ளாத கூட்டம். தங்கச்சி கன்னத்துல சந்தனம் பூசியாச்சு... முதல் வளையலை எடுத்தாச்சு... டப்! தெருவுக்கே கரண்டு போச்சு. ஃபேன் நின்னுச்சு. யாரு வீட்டு ஃபேன்? பாண்டீஸ்வரி வீட்டு ஃபேன்!

எதிர்வீட்டு தனபாக்கியம் சும்மா இருப்பாங்களா? "ஏம்மா பாண்டீஸ்வரி... வெளிய வெயில் கொளுத்துது, உன் சூரியன் மட்டும் லீவு போட்டுட்டாரோ?" கூடமே சிரிக்குது. வயித்துப்பிள்ளைக்காரிக்கு வேர்த்து ஊத்துது. சம்பந்தியம்மா முந்தானையால விசிறிக்கிட்டே இவளை ஒரு பார்வை பாக்குறாங்க... பாண்டீஸ்வரிக்குப் பூமி பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

மாடிக்கு ஓடினா. சோலார் மாட்டுன ஃபிட்டருக்குப் போனைப் போட்டா. "என்னத்த தம்பி மாட்டுன? சபையில என் மானம் போச்சு! இப்பவே வந்து கழட்டிட்டுப் போ!"

அவன் பதறல. "அக்கா, பேனல் வெயிலைக் கரண்டா மாத்துது. சுவத்துல இருக்குற பெட்டி அதை உங்க ஃபேனுக்கு, மிக்ஸிக்கு ஏத்த மாதிரி மாத்துது. நீங்க செலவழிச்சது போக மிச்சம் எங்க போகும்?"

"தெருக்கம்பிக்குப் போகும். அதுக்கு என்ன இப்ப?"

"அந்தக் கம்பியில இப்ப யாராவது கை வச்சிருந்தா?"

பாண்டீஸ்வரி போனைக் காதோட அழுத்திக்கிட்டா.

"ரிப்பேர் பாக்கக் கம்பத்துல ஏறுன ஆளை உங்க வீட்டுக் கரண்டு அடிச்சுரும்க்கா. அதான் தெருவுல கரண்டு போனா பெட்டி தானா நிறுத்திக்கும். பேட்டரியும் சேர்த்து வச்சா உங்க வீட்டுக்குள்ள மட்டும் ஓடும். நீங்கதான் அப்புறம் பாத்துக்கலாம்னுட்டீங்க."

போனை வச்சா. தெருமுனையைப் பாத்தா. கம்பத்து உச்சியில, கம்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள்... யாரு தெரியுமா? அந்தத் தனபாக்கியம் பெத்த ஒத்தைப் பிள்ளை, லைன்மேன் மாரீஸ்வரன்!

விறுவிறுன்னு இறங்கி வந்தா. தனபாக்கியத்தைக் கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கம்பத்தைக் காட்டுனா. விஷயத்தைச் சொன்னா. "என் சூரியன் லீவு போடல அத்தை... உங்க பிள்ளை இறங்கட்டும்னு நிக்கிறாரு."

அழுதுட்டாங்கய்யா அந்தம்மா! "என் ராசாத்தி"ன்னு அவளைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. பிள்ளை பத்திரமா இறங்கினான். கரண்டு வந்துச்சு. ஃபேன் சுத்துச்சு. முதல் வளையலைப் போட்டது யாரு? சம்பந்தியம்மா கையில இருந்து வாங்கித் தனபாக்கியமே போட்டாங்க! குலவைச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு!

இப்ப உங்களைக் கேக்குறேன். சோலார் போட்டா பில்லு குறையும், அது ஊருக்கே தெரியும். உங்க மாடியில மிச்சப்பட்ட வெயில் எதிர்வீட்டு மிக்ஸியைச் சுத்த வைக்கும், அது தெரியுமா? அடுத்தவன் உசுருக்கு ஆபத்துன்னா தன்னை நிறுத்திக்கவும் அதுக்குத் தெரியும்... நமக்குத் தெரியுதா? கோவத்துல ஒரு வார்த்தையை நிறுத்தத் தெரியுதா? குடுக்கவும் தெரியணும், அடங்கவும் தெரியணும். அதுதாம்மா பலம்! அந்தப் பலத்தை மாடியில ஏத்துங்க, மனசுலயும் ஏத்துங்க!

கொஞ்ச நாள்ல தனபாக்கியம் வீட்டு மாடியிலயும் பேனல் ஏறுச்சு. கீழ நின்னு அந்தம்மா ஃபிட்டரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, தெருவுல கரண்டு போனா இது நின்னுரும்ல?"

"கண்டிப்பா நின்னுரும்மா."

"அப்ப மாட்டு!"

தாய்மாரே... நீங்க எப்ப மாட்டப் போறீங்க?