விளக்கம் பெற்ற பின் வழங்கலாம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை நூலகர் அவர்களே, புத்தகக் கடைக்காரர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே! எல்லாருக்கும் வணக்கம். இந்த நூலகத்தில் புதிதாக வரும் புத்தகத்துக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. இருபத்தாறு வருடமாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பேச்சு வராது, கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர் பிரிவின் பொறுப்பாளர், நம் எல்லாருக்கும் ‘பத்துப்பக்க அக்கா’, போன வியாழக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். எத்தனை பொறுப்பாளர்கள் வந்தார்கள், போனார்கள்! பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட்டது எத்தனை பேரை?

அந்தப் பெயர் எப்படி வந்தது? புதுப் புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் அவர் அதை என் மேசைக்கு அனுப்ப மாட்டார். நேராகப் பிள்ளைகளிடம் கொடுப்பார். “பத்துப் பக்கம் படி. பிடிக்கலைன்னா நிறுத்தின எடத்துல ஒரு காகிதத் துண்டை வச்சுக் கொண்டா. ஏன்னு கேக்க மாட்டேன்” என்பார். பத்துப் பேரிடம் போன புத்தகம் பத்துப் பேரிடமும் பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்றால் அது கடைக்கே திரும்பிப் போகும். முதலில் என் மேசைக்கு வந்திருந்தால் முத்திரை விழுந்திருக்கும்; முத்திரை விழுந்த புத்தகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். பிடிக்காததைப் பிள்ளைகளும் எடுக்க மாட்டார்கள். அது அலமாரியில் கிடந்து மட்கும்.

கடைக்காரர் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரித்தாரா? “இந்தம்மா புத்தகம் வாங்குறாங்களா, வெண்டைக்கா வாங்குறாங்களா? நுனியை ஒடிச்சுப் பாத்துட்டு வேணாங்குறாங்க!” என்று என்னிடம் வந்து குதித்தார். நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன்.

ஒரு பையன் இருந்தான். எந்தப் புத்தகம் கொடுத்தாலும் காகிதத் துண்டு நாலாம் பக்கத்தில்தான் நிற்கும். பிள்ளைகள் அவனை ‘நாலாம்பக்கம்’ என்றே கூப்பிட்டார்கள். அக்கா விட்டாரா? ஆனை, பூனை, விண்வெளி, துப்பறியும் கதை என்று வருகிற புதுப் புத்தகத்தையெல்லாம் முதலில் அவனிடம்தான் நீட்டுவார். ஒரு நாள் மத்தியானம் செருப்புக்கூடப் போடாமல் மாடிப்படி ஏறி ஓடி வந்தார், கையில் பாலம் கட்டும் தொழிலாளிகளைப் பற்றிய ஒரு புத்தகம். “அண்ணே, குத்துங்க முத்திரையை! நாலாம்பக்கம் முழுசாப் படிச்சிட்டான்!” மூச்சு வாங்குகிறது, கண்ணில் தண்ணீர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பில் எங்கம்மா?” என்றேன். இப்படி ஒரு ஜென்மம் நான்!

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் இருநூற்றுப் பதினான்கு புதுப் புத்தகங்கள் வந்தன. பாதி சின்னப் பிள்ளைகளுக்கு, பாதி பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு. அத்தனையும் பிள்ளைகள் கையில் இருந்த நேரத்தில் வருடாந்திரச் சரிபார்ப்பு வந்தது. ‘முத்திரையிடப்படாத நூல்கள் வெளியே உள்ளன’ என்று ஒரு குறிப்பு மேலே போனது. அதை எழுதியவன் யார்? நான்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்!

புத்தகங்களைத் திரும்ப வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. வாங்கினோம். அதோ, மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடி அலமாரியைப் பாருங்கள். மேலே ‘புதிய வரவுகள்’ என்று பலகை, கீழே பூட்டு! ஒவ்வொரு புத்தகத்திலும் காகிதத் துண்டு நீட்டிக்கொண்டிருப்பது தெரிகிறதா? அவை பிடிக்காமல் நிறுத்திய இடங்கள் அல்ல. நாம் பிடுங்கிய இடங்கள். வெல்டிங் பட்டறைக்காரர் மகள் நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தாள். கப்பல் மூழ்கிக்கொண்டிருந்ததாம். எட்டு மாதமாக ஒரு கப்பல் மூழ்குமா, ஐயா?

பூட்டோடு ஒரு குறிப்பும் வந்தது: ‘பொறுப்பாளரின் விளக்கம் பெற்ற பின் வழங்கலாம்.’ அக்கா விளக்கம் எழுதினார், ஒரே வரியில்: ‘பிள்ளைகள் படிக்காத புத்தகத்துக்கு முத்திரை எதற்கு?’ விரிவாகத் தருக என்று திரும்பி வந்தது. ஆறு பக்கம் எழுதினார். சுருக்கமாகத் தருக என்று திரும்பி வந்தது. சிரிக்காதீர்கள்! இது சிரிக்கிற விஷயமா?

மூன்றாவது தடவை என் மேசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அண்ணே, நீங்களே எழுதிக் குடுங்க. அவங்க பாஷை உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைங்க தினம் வந்து கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க, பாக்க முடியல” என்றார். அரைமணி நேர வேலை. “அடுத்த வாரம் பாக்கலாம்மா” என்றேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம்... அப்புறம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருடைய கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேற்று அந்தக் கோப்பு மறுபடியும் என் மேசைக்கு வந்தது. என்ன எழுதியிருக்கிறது? ‘விளக்கம் இன்னும் பெறப்படவில்லை. நினைவூட்டுக.’ யாருக்கய்யா நினைவூட்டுவது? எந்த விலாசத்துக்கு?

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் தட்டச்சர் தம்பி, இதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். நான் இவ்வளவு நேரம் பேசியது இரங்கல் உரை மட்டும் அல்ல. அதுதான் பொறுப்பாளரின் விளக்கம். அவர் சார்பில் நான் கையெழுத்துப் போடுகிறேன். தேதி போட்டு, எண் போட்டு, அவர்கள் பாஷையிலேயே போடுகிறேன். இனி இங்கே வரும் ஒவ்வொரு புதுப் புத்தகமும் முதலில் பிள்ளைகள் கைக்குப் போகும், பிறகுதான் என் மேசைக்கு வரும். இது அக்காவுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தலைமை நூலகர் ஐயா, அலமாரிச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. கொடுத்துவிடுங்கள். விளக்கத்தில் திருப்தி இல்லை என்றால் எனக்கு மெமோ அனுப்புங்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன், பதில் எழுதுவேன்.

பிள்ளைகளா, எந்திரிங்க. அவங்கவங்க விட்ட பக்கத்தை அவங்கவங்க எடுத்துக்கோங்க. முத்திரையை நான் அப்புறம் குத்திக்கிறேன்.