பதிவறையில் ஒரு காலியிடம்

முப்பத்தொன்பது வயதில் வேலை போனவர்களுக்குச் சொல்ல என்னிடம் சில யோசனைகள் இருக்கின்றன. முதல் ஒரு வாரம் யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். சொன்னால் பரிதாபப்படுவார்கள், பரிதாபம் ஆளைச் சோம்பேறியாக்கிவிடும். எட்டாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, நமக்கு என்னவெல்லாம் செய்யத் தெரியும் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு தெரிந்தவர்கள் எல்லோரிடமும் வேலை கேட்க வேண்டும். தூரத்தில் தேடுவதற்கு முன்னால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் இதையெல்லாம் செய்தேன். எனக்கு வேலை கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா, நானே எழுதித் தருகிறேன் என்று இந்தத் தாள்களைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உங்கள் ஏட்டு. நான் சொல்வதில் பாதியைத்தான் எழுதுகிறார். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். தையல் மிஷினில் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் ஆனேன். என் லைனில் நாற்பது பெண்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு ஆர்டர் கம்மியாகிவிட்டது, லைனை மூடுகிறோம் என்றார்கள். மேனேஜருக்கு என் வயதில் பாதி இருக்கும். "உங்க மேல ஒரு குறையும் இல்ல மேடம். இந்த இடம்தான் இனிமே இல்ல" என்றார். குறை இல்லாத ஒருவரையும் அனுப்பிவிடலாம், அதை மரியாதையாகவும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தேரடி வீதி ஜவுளிக்கடையில் இருபத்தைந்து வயதுக்குள் வேண்டும் என்றார்கள். கிரிவலப் பாதை லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனுக்குக் கேட்டேன். "தெலுங்கு வருமாம்மா? வர்றவங்க எல்லாம் ஆந்திராக்காரங்க" என்றார் முதலாளி. நான் ஒரு மாதம் உட்கார்ந்து தெலுங்கு கற்றுக்கொண்டு திரும்பிப் போனேன். அதற்குள் அவருடைய மைத்துனர் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அரசுத் தேர்வும் எழுதினேன். பள்ளிக்கூட பெஞ்சில் எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியவளுக்கு என் மகள் இனியாவின் வயது.

என் கணவர் சகாதேவன் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். பழைய கோப்புகளைக் காத்து வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை. அவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஊரில் ஒருவரும் அவரைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொன்னதில்லை. இருபத்துமூன்று வருடம் அந்த அறையில் இருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மேஜையில் தலை வைத்துத் தூங்குவார். அதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொல்லவும் செய்வார்.

வேலை போன பிறகு மத்தியானச் சாப்பாட்டை நானே கொண்டு போய்க் கொடுப்பேன். ஒருநாள் ஒரு கிழவி தன் நிலத்துக் கோப்பைக் கேட்டு அழுதுகொண்டு நின்றாள். மூன்று வருடமாக நடக்கிறாளாம். கோப்பு காணவில்லை என்று இவர் எழுதிக் கொடுத்திருந்தார். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் அலமாரிக்குள் நுழைந்தேன். கரையான் மண், அவிழ்ந்த கட்டுகள், வருடம் மாறிக் கிடந்த தாள்கள். கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். கிழவி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பக்கத்து மேஜை ராஜேந்திரன் எட்டிப் பார்த்தார். "அண்ணி, நீங்க இந்த சீட்டுல இருந்தா ஆபீசே உருப்பட்டுடும். அண்ணன எங்கனா தொரத்தி வுட்ருங்க."

என் கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "நான் எங்கடா போறது? மேலதான் போவணும். போனேன்னா கருணை அடிப்படையில இவளுக்குத்தான்டா இந்த சீட்டு."

கருணை அடிப்படை என்றால் உங்களுக்குத் தெரியும். பணியில் இருக்கும்போது அரசு ஊழியர் இறந்தால் வாரிசு ஒருவருக்கு வேலை. தேர்வு கிடையாது. அந்த வீட்டில் வேறு யாரும் வேலையில் இருக்கக் கூடாது. எனக்கு வேலை இல்லை என்பது அந்த ஒரு இடத்தில்தான் தகுதியாக இருந்தது. பேச்சை முதலில் எடுத்தது நான் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. அவசரத்தை உண்டாக்கியவர் அவர்தான். மாசி மாதம் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "போதும் கலா. ஜூன்ல வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடறேன். அடி அண்ணாமலையில ஒரு டீக்கடை போட்டு ரெண்டு பேரும் உக்காந்துக்கலாம்" என்றார். விருப்ப ஓய்வு வாங்கினவரின் வாரிசுக்கு வேலை கிடையாது. இருபத்துமூன்று வருடம் வீணாக்கிய இடத்தை, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டு வர நினைத்தார். என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

உடம்பு தேறினால் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாக ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொண்டிருந்தார். போகும் நாளைக் குறித்தது நான். பௌர்ணமியில் வழி நெடுக மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும். அதனால் கத்திரி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் சுற்றுவதும் விசேஷம்தான். "வெயிலா இருக்குமே" என்றார். "கூட்டம் கம்மியா இருக்கும்ங்க" என்றேன். லீவு போட்டார். லீவில் இருந்தாலும் பணியில் இருப்பதாகவே சேரும் என்பதை முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

புறப்படும்போது இனியா, "அம்மா, அப்பாவோட சிவப்பு டப்பாவ உன் ஹேண்ட்பேக் சைடு ஜிப்புல வெச்சிருக்கேன்" என்றாள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அதில் இருந்தது.

பத்து மணிக்குத் தொடங்கினோம். அடி அண்ணாமலை போய்ச் சேரும்போது ஒரு மணி. கல் பாவிய நடைபாதையில் கால் வைக்க முடியவில்லை. அவர் பெருவிரலால் தொட்டுத் தொட்டு நடந்தார். கன்னியம்மாள் என்ற அம்மாள் மோர் விற்கும் நிழலில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்தார்.

"கலா, மாத்திர."

"எடுத்தாரலைங்க. மறந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "பரவால்ல. நீ பயப்படாத" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அவர் நல்ல மனிதர் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கன்னியம்மாள், "இன்னாம்மா, மூஞ்சே சரியில்ல. ஆட்டோ கூப்புடட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "வேண்டுதல்மா, பாதியில ஏறக் கூடாது. கொஞ்சம் உக்காந்தா சரியாப் போயிடும்" என்றேன். பையைத் திறந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, நெற்றியில் பூசி, வாயில் கொஞ்சம் போட்டேன். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் போனவர்கள் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மலையைச் சுற்றும்போது, மனைவி மடியில், வாயில் விபூதியோடு ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு பெரியவர் அழுதார். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரி, பிரேதப் பரிசோதனை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

நான் அழுதது நடிப்பு இல்லை. இன்றைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறேன். ஆனால் அந்தத் துக்கத்தையும் விண்ணப்பத்தையும் நான் கலக்கவில்லை. இரண்டும் தனித்தனி.

மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். என்னைத் தவிர வாரிசு இனியா ஒருத்திதான். பேனாவை வாங்கிக்கொண்டு, "டப்பா எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். "பையிலயேதான் இருந்திருக்கு. பதட்டத்துல பாக்கலடி" என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

பதினான்கு மாதம் கழித்து ஆணை வந்தது. ராஜேந்திரன் சொல்லி அதே அறையைக் கொடுத்தார்கள். நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வருட வாரியாக அடுக்கியிருக்கிறேன். கட்டுகளுக்குப் புதுத் துணி, ஒவ்வொன்றிலும் தடித்த எழுத்தில் எண். காணவில்லை என்று எழுதப்பட்டிருந்த கோப்புகளில் அறுபத்தெட்டைக் கண்டுபிடித்திருக்கிறேன். என் பதிவறையில் இப்போது ஒருவரும் அழுவதில்லை. அந்த நாற்காலியில் யார் இருக்க வேண்டும் என்று மனுவோடு வரும் எவரையாவது கேளுங்கள்.

போன மாதம் இனியா அடி அண்ணாமலைக்குப் போய்க் கன்னியம்மாளைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அம்மா எந்த ஜிப்பைத் திறந்து விபூதி எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். பக்கவாட்டு ஜிப்பைத்தான் திறந்தேன். டப்பாவைத் தள்ளிவிட்டுத்தான் பொட்டலத்தை எடுத்தேன். கன்னியம்மாள் அந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறாள், சாமி பிரசாத டப்பா என்று நினைத்திருக்கிறாள். விபூதியை வேறு இடத்தில் வைத்திருக்கலாம். திட்டத்தில் என் தவறு அது ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

நேரடியாகவே எழுதிவிடுகிறேன். டப்பா பையில் இருப்பது எனக்குத் தெரியும். கொடுத்தால் பிழைப்பார் என்பதும் தெரியும். பிழைத்தால் ஜூனில் எழுதிக் கொடுத்துவிடுவார் என்பதால் கொடுக்கவில்லை. அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். அவர் இல்லாததற்கு வருத்தப்படுகிறேன். வேலை கிடைத்ததற்கு வருத்தப்பட மாட்டேன்.

புகார் கொடுத்தது இனியா என்று சொன்னீர்கள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருகிற சித்திரையில் அவளுக்குப் படிப்பு முடிகிறது, வெளியில் வேலை நிலவரம் எப்படி என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கும் ஒரு இடம் வேண்டும்தானே. ஆனால் என் மகள் விதியைச் சரியாகப் படிக்கவில்லை. இந்த வழக்கில் என்னைப் பணி நீக்கம் செய்துவிடுவார்கள். பணி நீக்கம் செய்யப்பட்டவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை தர மாட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு வழி சொல்லியிருப்பேன்.