பொட்டு வைத்த அரிவாள்மணை

வீட்டிலேயே கத்தி செய்யப் பழகுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு ஹேர் டிரையர்தான், இன்ஸ்பெக்டர் சார். கரி அடுப்புக்குத் துருத்தியாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் மகள் பூமிகா கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போனது ஒன்று இருந்தது. இதை எழுதிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு என்றைக்காவது ஆசை வந்தால் உதவுமே என்று சொன்னேன்.

நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மன்னார்குடியில் சொந்த வீடு. கொல்லையில் செங்கல் அடுக்கி, கொட்டாங்கச்சிக் கரி போட்டு, தேய்ந்த அரங்களைக் காய்ச்சிக் கத்தியாக அடித்தேன். சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு இராஜாங்கம் மதில்மேல் எட்டிப் பார்ப்பார்.

"என்ன அமிர்தலிங்கம், எந்த ராஜாவோட சண்டை?"

கிண்டலைப் பொருட்படுத்துகிறவன் இல்லை நான்.

என் மனைவி நீலாயதாட்சி கிண்டலே செய்ய மாட்டாள். ரவிக்கை தைக்கிறவள். அந்தத் தையலில்தான் பூமிகா படித்தாள். நான் செய்து கொடுக்கும் ஒவ்வொரு கத்தியையும் வாங்கிக்கொண்டு, "வாழக்காய் பாருங்க, எவ்ளோ சன்னமா வந்திருக்கு" என்று காட்டுவாள். நானும் நம்பினேன்.

ஒருநாள் கடைக்குப் போனவன் பாதியில் திரும்பினேன். அவள் அடுப்படியில் அரிவாள்மணையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டதும் அதை மாவு டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, என் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் மறுபடி கடைக்குக் கிளம்பிவிட்டேன். சண்டை போடுகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

ஆயுத பூஜை வந்தது. பூமிகாவும் மாப்பிள்ளை வசந்தகுமாரும் சாப்பிட வருவதாக இருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடமாட்டார்கள், உங்களுக்கும் தெரியும். அதனால் நீலா சமையலை முடித்துவிட்டுத்தான் அரிவாள்மணையைக் கழுவிக் கொண்டுவந்து வைப்பாள். அன்றைக்கு அவள் குளித்துவிட்டு வருவதற்குள் நானே அதைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் அவளுடைய தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டேன். என் கத்திகளையும் வைத்தேன். ஒன்றைத் தவிர.

"என்னங்க இது, அதுக்குள்ள பொட்டு வச்சிட்டீங்க? பறங்கிக்காய நான் எதால வெட்டுறது?"

"நான் செஞ்சது இருக்கே. ஏன், நல்லா இல்லியா?"

"நல்லா இல்லாம என்ன" என்று வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழுக்கக் காய்ச்சியதை எண்ணெயில் தோய்க்க வேண்டும்; நான் தண்ணீரில் தோய்த்துவிட்டேன். பிடிக்குக் கிட்டே தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். எனக்குத் தெரியும். பறங்கிக்காய் நல்ல முற்றல், நான்தான் தட்டிப் பார்த்து வாங்கினேன். இரண்டு கையாலும் அழுத்தித்தான் வெட்டுவாள் என்பதும் தெரியும். சொல்லியிருக்கலாம். அவளும்தான் என்னிடம் சொல்லியிருக்கலாம், இல்லையா?

நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினாள். முறிந்தது. கை போன வேகத்தில் நிற்கவில்லை.

முறிந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ரவை ரவையாக இருந்தது. அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டேன் என்று அர்த்தம். பழகுகிறவனுக்கு இதெல்லாம் பாடம். அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம், "கத்தி நல்ல கத்திதாங்க, என் கைதான் வழுக்கிடுச்சு" என்றாள். அப்போதும் பொய். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே உங்களிடம் வந்தேன்.

வலது கையில் மூன்று விரல் இனிமேல் மடங்காதாம். கத்திரிக்கோல் பிடிக்க முடியாது என்கிறார்கள். அதற்காக அவளை அப்படியே விட்டுவிடுகிறவன் இல்லை நான். இடது கைக்குத் தோதாக ஒரு கத்தி அடித்து வைத்திருக்கிறேன், சார். பிடி போடுவதுதான் பாக்கி. எழுதி முடித்ததும் என்னை அனுப்பிவிட்டீர்கள் என்றால், அவள் வீட்டுக்கு வருவதற்குள் முடித்துவிடுவேன்.