கீழ் அடுக்கில் கறுப்பி

பாத்து உக்காருங்க தம்பி, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சரி பண்றேன் சரி பண்றேன்னு என் பையன் சொல்லிட்டே இருந்தான். ஏரி வேலையில அவனுக்கு எங்க நேரம்?

மொட்டைமாடித் தொட்டியைப் பாத்துட்டுதானே கீழ வந்தீங்க? அப்ப மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா நான் பேச ஆரம்பிச்சா சுத்தி வளைச்சுதான் வருவேன், பொறுத்துக்குங்க.

கறுப்பின்னு நாங்க சொல்ற மீன் இந்த ஏரி மீனே இல்ல. யாரோ வீட்டுல வளத்து, சலிச்சுப்போய் கொட்டிட்டுப் போனது. மத்த மீனோட முட்டையெல்லாம் தின்னு தீத்துடும். தன் குஞ்சுங்களை மட்டும் வாய்க்குள்ளயே வெச்சுக்கும். அதை அடியோட ஒழிக்கத்தான் என் பையனை மீன்துறையில இங்க போட்டாங்க. ஒரு வருஷம் முழுக்க வலையில ஒண்ணுகூட விழக்கூடாது. அப்பதான் ஏரி சுத்தம்னு கையெழுத்து, அவனுக்கு மாத்தல். நடுவுல ஒண்ணு விழுந்தாலும் திரும்ப முதல்ல இருந்து எண்ணணும்.

மருமகளுக்கு வேற ஊர்ல வேலை, பேத்தியும் அவளோட அங்கதான். ரயில்ல ஒரு நாள் ஆகும். "கையெழுத்து ஆனதும் போயிடலாம், நீயும் வாம்மா"ன்னான். "உன் பொண்டாட்டி சமையலைச் சாப்பிடவா? இங்கயே நிம்மதியா சாகறேன் போடா"ன்னேன். சிரிச்சான். எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல.

ஆராய்ச்சிக்குன்னு முதல் வருஷம் ஆறு மீன் கொண்டுவந்தான். வேலை முடிஞ்சதும் "கொன்னுடும்மா"ன்னு என்கிட்ட குடுத்தான். கொல்ல மனசு வரல. மாடியில பழைய தொட்டியில விட்டேன். துணி காயப்போட நான் மட்டும்தான் மாடிக்குப் போவேன்.

மத்தியானச் சாப்பாடு நான்தான் ஏரிக்குக் கொண்டுபோவேன். மூணு அடுக்கு கேரியர். மேல ரெண்டுல அவனுக்குச் சோறு, குழம்பு. வலையில ஒண்ணும் விழாம பதினோராவது மாசம் வந்தப்ப, கீழ் அடுக்குல தண்ணி ஊத்தி, வாய் நிறைய குஞ்சோட ஒரு கறுப்பி. அவன் சாப்பிட்டுக் கை கழுவப் போற நேரம் போதும், அதை ஏரியில விட.

மறு மாசம் வலையில குஞ்சு விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து, "எங்க விட்டுட்டேன்மா? ஒரு மூலை பாக்கியில்ல"ன்னு கேட்டான். "விடுப்பா, மனுஷனால ஆகிற காரியமா இது"ன்னு தலைக்கு எண்ணெய் வெச்சுவிட்டேன். குழந்தை மாதிரி உக்காந்திருந்தான். அந்த மாதிரி அவன் என்கிட்ட உக்காந்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

அப்புறம் இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

மருமக ஒரு நாள் போன்ல, "அத்தை, பாப்பாகிட்ட அப்பாவை வரையச் சொன்னாங்களாம் ஸ்கூல்ல. போனை வரைஞ்சுட்டு வந்திருக்கா"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ போனை வைக்கல, மூச்சு மட்டும் கேட்டுச்சு. நான்தான் வெச்சேன்.

மூணாவது தடவை அவன் சாப்பாட்டையே விட்டுட்டான். கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. "எனக்கு வேலை தெரியலம்மா, வேற யாரையாவது போடச் சொல்லி எழுதிக் குடுக்கப்போறேன்"னான். பெத்தவளுக்குத் தாங்குமா? எப்படியாவது பிடிச்சு மனசு தேறட்டும்னு, "கோரைப் பக்கம் பாத்தியாப்பா?"ன்னு கேட்டேன். அங்கதான் விட்டிருந்தேன்.

காலையில ஆளுங்க வர்றதுக்குள்ள தனியா இறங்கிட்டான். கோரை வேர்ல வலை சிக்கியிருக்கு, எடுக்க முங்கியிருக்கான். அவன் வலையே அவன் காலைச் சுத்திக்கிச்சு. கேரியரோட நான் போனப்ப கரையில படுக்கவெச்சிருந்தாங்க.

மருமக வந்தா. "அவர் முயற்சி பண்ணாரு அத்தை, முடியல"ன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழுதா.

உங்க மீன்துறை ஃபைல்லயும் அப்படித்தான் இருக்குன்னு கேள்விப்பட்டேன், அவனால முடியலன்னு. அதை அடிச்சிடுங்க தம்பி. எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, போடறேன். என் பையன் அந்த மீனை மூணு தடவை ஒழிச்சான்.