மிதிக்கு அடியில் கிடந்த கதம்பம்

என் பெயர் வலியுல்லா, தகப்பனார் பெயர் இனாயத், வயது நாற்பத்திரண்டு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருந்துகொண்டு, ரோட்டின் மேலேயே மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கொட்டகை வைத்திருக்கிறேன். லஸ் வக்கீல் வீட்டுப் பிள்ளை ராஜகோபாலன், நான் பிரேக்கைத் தப்பாகப் பூட்டியதால்தான் விபத்து நடந்தது என்று கொடுத்த பிராதின் பேரில் போலீஸ் ஸ்டேஷனில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மேற்படி ராஜகோபாலன் சீமையிலிருந்து வரவழைத்த கால் பிரேக் மிதியையும், மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைக்கும் சுவிட்சையும் கொண்டுவந்து தம் வண்டியில் பூட்டச் சொன்னார். நான் பூட்டிய பிறகு அவரையே ஓட்டி மிதித்துப் பார்க்கச் சொன்னேன், வண்டியும் நின்றது, விளக்கும் எரிந்தது. அதன் பிறகு ஒருநாள் வந்து, விளக்கு ஓயாமல் எரியும்படி மாற்றச் சொன்னார். "மிதிச்சாத்தான் எரியறதுன்னா நாலு பேர் எப்படிப் பார்ப்பா?" என்றார். "சாமி, அது நிக்கப்போறோம்னு பின்னால வர்றவனுக்குச் சொல்ற லைட்டு. சும்மா எரிஞ்சுகினு இருந்தா இன்னாத்துக்கு?" என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, வண்டி முழுக்கச் சந்தனமும் பூவுமாக என் கொட்டகையைத் தாண்டிப் போனார். பட்டப்பகலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிதியைச் சுற்றிக் கதம்பம் கிடப்பதைப் பார்த்து, "சாமி, கால்கிட்ட பூவ எடுங்க" என்று கத்தினேன். "பூஜை பண்ணின புஷ்பத்தைப் பிய்க்கப்படாது" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சற்றுத் தூரத்தில், நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்த தேவானை என்ற பெண்பிள்ளை மேல் வண்டி மோதியது. நான் ஓடினேன். அந்தம்மாள் முழங்கால் திரும்பிக் கிடந்தது. "என் மீனு இன்னா ஆச்சு நைனா?" என்று என்னைக் கேட்டார். ராஜகோபாலன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வேட்டியை உதறி, "மீன் ஜலம் தெறிச்சுடுத்து, குளிக்கணும்" என்று சொல்லிவிட்டு, விளக்குக் கண்ணாடி உடைந்ததா என்று குனிந்து பார்த்தார். உடையவில்லை. அப்போதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு மிதிக்கு அடியில் கையை விட்டுக் கதம்பத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார், விளக்கு அணைந்தது. விளக்கு ஓயாமல் எரியட்டும் என்று சுவிட்சின் ஸ்பிரிங்கை வாழைநாரால் இழுத்துக் கட்டி, கட்டு தெரியாமல் மேலே கதம்பத்தைச் சுற்றியிருக்கிறார். அந்தப் பூப்பந்து அடைத்துக்கொண்டு மிதி கீழே இறங்கவில்லை. நான் ஒரு ஜட்காக்காரரைக் கூப்பிட்டுத் தேவானையம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இனிக் கூடை தூக்கி நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

அன்று சாயங்காலம் ராஜகோபாலன் குளித்து, புதுச் சந்தனம் இட்டுக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார். "கை தவறிடுத்துன்னு சொல்லிடு, அப்பா உன்னைப் பார்த்துப்பார்" என்றார். அந்தச் சந்தன வாசனை கொட்டகை முழுக்க அடித்தது. நான் தரையில் துப்பிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன். மறுநாள் பிராது வந்தது, கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது, நான் இங்கே நிற்கிறேன்.

சாக்கடையில் வீசியதை நான் அன்றே எடுத்து வைத்திருந்தேன். அவர் பிடுங்கிய வேகத்தில் ஸ்பிரிங்கும் நாரோடு வந்துவிட்டது, அவர் போட்ட முடிச்சும் அவிழாமல் இருக்கிறது, பூவெல்லாம் மீன் செதில் ஒட்டியிருக்கிறது. நாற்றம் தாங்காது, ஐயா மன்னிக்க வேண்டும். இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் சத்தியம்.

(ஒப்பம்) வலியுல்லா