கோழிக் கொட்டகைக்குள் ஓடிய கார்

முதல் முறையாக ரிமோட் கார் வாங்குகிறவர்கள் அவசரப்படக் கூடாது, ஐயா. நான் நிதானமாக யோசித்துத்தான் வாங்கினேன். பொம்மைதானே என்று நீங்கள் சிரிக்கலாம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களே அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

வாங்கச் சொன்னதே என் பெரியப்பா மகன் சுப்பையண்ணன்தான். எண்பத்தாறாம் வருடம் என் பண்ணைக் கோழிகள் மொத்தமும் கழிச்சல் நோயில் செத்தன. சந்தைக்குப் போட்டுப்போன செருப்போடு நான் உள்ளே போனதால்தான் நோய் வந்தது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். எங்கள் பக்கம் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் யாரும் கோழிக் கொட்டகைக்குள் போவார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை மறந்தவன் நான் ஒருவன்தான் என்று ஊர் பேசிக்கொண்டது.

அண்ணன் புதுக் கொட்டகை திறந்த அன்று விருந்து வைத்தார். பந்தியில் எல்லோரும் கேட்க என் தோளைத் தட்டினார்.

"தம்பி, உனக்குக் கோழித் தொழிலு ஒத்து வராது சாமி. பேசாம ஒரு பொம்மக் காரு வாங்கி ஓட்டிட்டு இரு."

இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். அவர் மனைவி சென்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு பேச்சு கெடக்குதுங்க கொழுந்தனாரே, நீங்க சாப்புடுங்க" என்று இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். சிரித்தவர்களைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அந்தப் பாயசத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இருந்தாலும் மூத்தவர் பேச்சைத் தட்டக் கூடாது அல்லவா.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கும் கண்ணுசாமிக்கு மெட்ராஸ் பர்மா பஜாரில் பழக்கம் உண்டு. எனக்காக இரண்டு கார்களை வரவழைத்தார். ஒன்று பேட்டரியில் ஓடுவது, பூனை மாதிரிச் சத்தமில்லாமல் போனது. மற்றது எரிபொருள் ஊற்றி எஞ்சினில் ஓடுவது. கயிற்றை இழுத்ததும் தெருவில் இருந்த நாயெல்லாம் குரைக்க ஆரம்பித்தது.

"மொத வண்டிக்குப் பேட்டரியே போதுமுங்க. இது காதக் கிழிக்கும். சைலன்சரத் தொட்டா தோலு உரிஞ்சு போயிருமுங்க. சருகு, வைக்கோலு பக்கம் மட்டும் உட்டுராதீங்க" என்றார்.

அவர் சொன்ன குறைகள் எல்லாமே எனக்குப் பிடித்திருந்தன. எஞ்சின் வண்டியையே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைக் கோழிகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. திடீர்ச் சத்தம் கேட்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அண்ணனும் ஒருமுறை செத்த கோழிகளை வாரிக் குழியில் கொட்டிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். என் ஆசை அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியம் அண்ணன் கொட்டகை ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெயிலுக்காகச் சுற்றிலும் சாக்குத் திரை தொங்கியது. கதவைத் திறந்து வண்டியை மட்டும் உள்ளே விட்டேன். என் செருப்பு கொட்டகைக்குள் படவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோழிகள் வெளியே ஓடி நாய் வாயில் சிக்கிவிடுமே என்று வெளித்தாழ் போட்டேன். பிறகு வேலியைத் தாண்டி என் நிலத்துக்கே வந்து நின்று ஓட்டினேன்.

வண்டி நன்றாக ஓடியது. ஆனால் எங்கேயோ மோதிக் குப்புற விழுந்திருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது. தரையில் கோழிகளுக்காகப் பரப்பியிருந்தது காய்ந்த கடலைத் தோல். மேலே தென்னங்கீற்று. கண்ணுசாமி பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

புகை வந்தபோது யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். கோழிகள்தான் முட்டுகின்றன என்று நினைத்தேன். கோழி கதவைத் தட்டாது என்று நீங்கள் சொல்வதும் சரிதான்.

அண்ணி முட்டை பொறுக்க உள்ளே போயிருந்தார். நான் கதவைத் திறந்தபோது வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. வண்டி போக இடைஞ்சலாக இருந்ததால் நான்தான் அதை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

அப்போதாவது ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கோழிக் கொட்டகை வாசலில் நின்று கத்தக் கூடாது, ஐயா. கோழிகள் மிரண்டுவிடும்.