மைக் பழுது

இல்ல தம்பி, மகன் ஒண்ணும் பண்ணல. நான்தான். என்னைத் தாண்டி வாசலப் பாக்காதீங்க, பின்னால யாரும் வரல. இந்த கேம் மெஷின நானே கெடுத்து, நானே சேலக் கட பேக்ல போட்டு, நாவலப்பிட்டியில இருந்து பஸ்ல மடியில வச்சிக்கிட்டு வந்திருக்கேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, என்ன பர்த்டே கேக்கான்னாங்க. ஆமான்னுட்டேன். கம்பளையில இருந்து கண்டி வரைக்கும் அது நசுங்காம அவங்கதான் பாத்துக்கிட்டாங்க, பாவம்.

எங்க ஊர்லயும் ரிப்பேர் கட இருக்கு, இல்லன்னு சொல்லல. அங்க குடுத்தா மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும், லைப்ரரி மிஸ் கேம் மெஷின ஒடச்சிட்டாங்கன்னு. எந்த லைப்ரரின்னு மட்டும் கேக்காதீங்க. பத்தொம்பது வருஷமா புத்தகத்துக்கு தேதி முத்திர குத்துறேன், சத்தம் போடாதீங்கன்னு சொல்றேன். அதான் என் உத்தியோகம். இந்த மூஞ்சியப் பாத்தா இப்படி ஒரு வேல செய்ற மூஞ்சியாவா தெரியுது? எனக்கே தெரியல தம்பி, அதான் மாட்டிக்கிட்டேன்.

பேரா? இராஜேஸ்வரின்னு போடுங்க. உங்க பேரு என்ன? ஹுதைபாவா. ஊரு அக்குறணையா? நல்லது. கதிரை இருந்தா ஒண்ணு தாங்க தம்பி, கால் வலிக்குது. படி ஏறி வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு.

என்ன பண்ணுனேன்னா, ஒரு வீடியோ பாத்தேன். அதுல ஒரு பையன் சொல்றான், இந்த மெஷினுக்குள்ள ஒரு சாமான ஏத்திட்டா ஃபுட்போல் வெளையாட்டுல நம்ம ஆளுங்க களைக்கவே மாட்டாங்களாம், அடிக்கிறதெல்லாம் கோலாம். பதினோரு நிமிஷ வீடியோ. நாலு தடவ பாத்து நோட்ஸ் எடுத்தேன். சிரிக்காதீங்க. கொப்பியில, மார்ஜின் அடிச்சி, சிவப்புப் பேனாவுல தலைப்பு எழுதி எடுத்தேன். அப்புறம் அந்த சாமான எறக்கணுமே. வீட்டு நெட் காணாது. லைப்ரரி கம்பியூட்டர்ல எறக்குனேன். அந்தக் கம்பியூட்டருக்கு மேல கேம்ஸ் தடைன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஒட்டுனது யாருன்னு நான் சொல்லணுமா?

ஞாயித்துக்கிழம மகன் மேட்ச் வெளையாடப் போனதும் பென் டிரைவ சொருகி, கொப்பியப் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா செஞ்சேன். நல்லாத்தான் போச்சு. ஒரு கோடு வந்து மெல்ல மெல்ல நகருது, அறுபது வீதம், அறுபத்தஞ்சு வீதம். கீழ எழுதியிருக்கு, எக்காரணம் கொண்டும் ஓஃப் பண்ணாதீங்கன்னு. வாசிச்சேன் தம்பி. வாசிக்கிறதுதான என் தொழிலே. ரெண்டு தடவ வாசிச்சேன்.

அந்த நேரம் இடி இடிச்சிச்சு.

நீங்க இந்தப் பக்கம், உங்களுக்கு அவ்வளவு தெரியாது. எங்க ஊர்ல மழைன்னா மழ. இடிச்சா பிளக் எல்லாத்தையும் கழட்டிறணும். சின்னப் புள்ளையில இருந்து அப்படித்தான். இடி கேட்டதும் என் கால் ஓடும், கை கழட்டும், மூளைக்கு அங்க வேலையே இல்ல. ஃப்ரிட்ஜ், டிவி, ரூட்டர், ரைஸ் குக்கர், எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு கதிரையில உக்காந்து, அப்பாடா, ஒரு சாமானுக்கும் ஒண்ணும் ஆகலன்னு மூச்சு விட்டேன். அப்புறம்தான் கீழ கெடந்த வயர எண்ணுறேன். நாலு இருக்கணும். அஞ்சு இருக்கு.

ஆமா, இந்த நீல லைட் மட்டும்தான். அன்னையில இருந்து இப்படித்தான் வந்து வந்து போகுது. டிவியில ஒண்ணுமே இல்ல. ரெண்டு நாள் நானும் என்னென்னவோ செஞ்சி பாத்தேன். தொடச்சேன். வெயில்ல வச்சேன். ஒரு தட்டு தட்டுனேன், மெதுவாத்தான். கடைசியில எடுத்து அலுமாரிக்குள்ள வச்சிட்டு, அது இருந்த எடத்துல பூச்சாடி ஒண்ணு வச்சேன். மகன் இன்னும் அதக் கவனிக்கல. நேத்து அந்தப் பூச்சாடியில பேனாவ சொருகி வச்சிட்டுப் போறான்.

சரி, சொல்லுங்க. செத்துருச்சா? செத்திருந்தாலும் நேராவே சொல்லிருங்க, நான் தாங்குவேன்.

ரெண்டு வழியா? முதலாவது சுலபம், ரெண்டாவது கஷ்டம். சரி. சுலபமானதுன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஏத்துறதா? ஐயோ, அது வேணாம் தம்பி. அழிக்கக் கூடாது. கேமெல்லாம் போனா போகட்டும், அது இல்ல என் கவல. அழிச்சா மறுபடி உள்ள போறதுக்கு பாஸ்வேர்ட் கேக்கும்ல? அது எனக்குத் தெரியாது. மகனுக்குத்தான் தெரியும். இப்ப ஒரு பட்டன அமத்துனா அதுவா உள்ள போயிரும், எனக்கு அந்த ஒண்ண அமத்துறது மட்டும்தான் தெரியும்.

மகன்கிட்ட கேக்க ஏலாது. ஏன்னா ஏலாது, அவ்வளவுதான். இல்ல, ஏசுவான்னு பயம் இல்ல. அவன் ஏச மாட்டான், பதினாறு வயசு, என்கூட கதைச்சாத்தான ஏசுறதுக்கு. ஏம்மா உங்களுக்கு பாஸ்வேர்டுன்னு ஒரு கேள்வி கேப்பான். அதுக்குத்தான் பயம்.

சரி, நீங்க டொக்டர் மாதிரி. டொக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. அதுல வெளையாடுறது நான்தான்.

பொழுதுபோக்குக்கா? பொழுது எங்க இருக்கு எனக்கு. கேளுங்க. எங்க வீட்டுக்காரரு கத்தார்ல, ஏசி வேல. பதிமூணு வருஷம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு, சூட்கேஸ் முழுக்க சாமானோட வந்து, வீட்டுல எது எங்க இருக்குன்னு பழகுறதுக்குள்ள திரும்பிப் போயிருவாரு. அங்க அவங்க ரூம்ல இதே மாதிரி ஒரு மெஷின் இருக்கு. வெள்ளிக்கிழம லீவு. அன்னைக்கு எங்க நேரம் ராத்திரி ஏழரைக்கு அப்பனும் மகனும் ஆன்லைன்ல ஃபுட்போல் வெளையாடுவாங்க. மூணு வருஷமா நடந்துச்சு. அவரு அங்க அர மணித்தியாலம் முந்தியே வந்து உக்காந்துருவாரு.

பொறவு இந்த வருஷம் தொடக்கத்துல இவனுக்கு அலுத்துப் போச்சு. வெள்ளிக்கிழம டியூஷன், மத்த நாள் கூட்டாளிங்க, மேட்ச்னு போயிட்டான். அவன்மேல பிழ சொல்ல மாட்டேன், வயசு அப்படி. ஆனா ஒரு வெள்ளிக்கிழம நான் கூட்டிக்கிட்டு இருக்கேன், டிவி ஓன்ல இருக்கு, இவன் ஓஃப் பண்ணாமலே கிளாசுக்கு ஓடிட்டான். திரையில ஒரு பெட்டி வருது, மகனே வந்துட்டியான்னு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு, அப்பா இருக்கேன்னு. அதுக்கப்புறம் இன்னொண்ணு. தொடப்பத்த வச்சிட்டு நின்னு பாத்தேன். எனக்குத் தாங்கல தம்பி. அந்த பட்டன அமத்தி உள்ள போயிட்டேன்.

முதல் நாள் ஒம்பது கோல் வாங்குனேன். அதுல ரெண்டு நானே எங்க பக்கம் அடிச்சது. அவரு காதுல மாட்டுற மைக்ல பேசுவாரு, இந்தப் பக்கம் கேக்கும். நான் பேசுனா மாட்டிக்குவேன்ல? அதனால மைக் பழுதுன்னு டைப் பண்ணிட்டேன். ஏழு மாசமா அந்த மைக் பழுது. மகன் மாதிரி எழுத முதல்ல கஷ்டப்பட்டேன். முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது, ஒரு சொல்லுக்கு மேல பதில் சொல்லக் கூடாது, அப்பதான் நம்புறாங்க.

போன்லயா? மகன் போன்ல அவருகிட்ட பேசுறது மொத்தம் ரெண்டு சொல்லு. ஒருநாள் இவரு நேத்து நல்ல கோல் ஒண்ணு போட்டியேன்னு சொல்லிட்டாரு. பக்கத்துல நின்ன என் காதுலயும் விழுந்துச்சு. இவன் கேக்காமலே ம்னான். அந்த ஒரு ம்முக்கு நான் கோயில்ல தேங்கா ஒடச்சேன்.

ஆனா எனக்கு வெளையாட வரல. எவ்வளவு பழகியும் வரல. போன மாசம் சிரிச்சிக்கிட்டே கேக்குறாரு, என்ன மகனே, நீ வெளையாடுற மாதிரியே இல்லயே, வேற யாரையும் உக்கார வச்சிருக்கியான்னு. பயந்துட்டேன். மகன் அளவுக்காவது அடிக்கணுமேன்னுதான் அந்த சாமான ஏத்தப் போனேன். வேற பேராச எதுவும் இல்ல.

என்னது? ஒழுங்கா ஏறியிருந்தாலும் ஆன்லைன் போக ஏலாதா? கண்டுபிடிச்சி தடுத்துருவாங்களா? நெசமாவா? அப்ப நான் சரியா செஞ்சிருந்தாத்தான் மொத்தமா கெட்டிருக்கும், அந்த இடிதான் என்ன காப்பாத்திச்சின்னு சொல்றீங்க. அந்தப் பையன் இத ஏன் வீடியோவுல சொல்லல? நாலு தடவ பாத்தேனே. என் கொப்பிய நீங்க பாக்கணும், அவ்வளவு அழகான எழுத்து.

நல்லது. அழிக்காம செய்யப் பாக்குறீங்களா? நீங்க நல்லா இருக்கணும். எப்ப வரட்டும்?

திங்கக்கிழமையா? இல்ல தம்பி, இன்னிக்கு வியாழன். நாளைக்கு ஏழரைக்குள்ள வேணும். நான் நாளைக்கும் லீவு போட்டுட்டேன், காலையிலயே வந்து வாசல்ல நிப்பேன். ஒரு வெள்ளிக்கிழம விட்டா என்னவா? வேற வெள்ளிக்கிழமைன்னா கரண்ட் இல்லன்னு ஒரு பொய் சொல்லியிருப்பேன். பொய்க்கு இப்ப எனக்குக் கொறையே இல்ல.

இந்த மனுசன் போன்ல என்கிட்ட என்ன பேசுவாரு தெரியுமா? சாப்டியா, மழையா, மகன் படிக்கிறானா. கல்யாணம் பண்ணி பதினெட்டு வருஷம், அத்தோட சரி. நானும் அப்படித்தான், சாப்டேன், மழதான், படிக்கிறான். ஆனா கண்ணு பந்து மேல இருக்கும்போது அவருக்கு வாய் தானா தொறக்குது. மகன்னு நெனச்சி என்னப் பத்திப் பேசுறாரு. அம்மா கோவமா இருந்தா கறியில உப்பு கூடும், அத வச்சிக் கண்டுபிடிச்சிக்கடான்னாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு, பதில் எழுத ஏலாதே. இன்னொரு நாள் சொல்றாரு, உங்கம்மா உக்காந்திருக்கிறதப் பாக்கத்தான் நான் லைப்ரரிக்குப் போனேன், எடுத்த புத்தகம் ஒண்ணையும் தொறக்கலன்னு. தம்பி, எங்களுக்குப் பேசி முடிச்ச கல்யாணம்னுதான் நான் இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டு இருந்தேன். நெறைய வாசிக்கிற மனுசன், அதனாலதான் பேச்சு கொறைவுன்னு எல்லாருகிட்டயும் பெருமையா வேற சொல்லியிருக்கேன். அன்னைக்கு ஆறு கோல் போச்சு. போனா போகட்டும்னு விட்டுட்டேன்.

தப்புதான். தெரியும். மகனுக்குச் சொல்றத நான் திருடிக் கேக்குறேன். அடுத்த வாரத்தோட நிப்பாட்டணும்னு எல்லா வாரமும் நெனப்பேன். வெள்ளிக்கிழம ஆறு மணிக்கே தலை வாரிட்டு உக்காந்துருவேன். மைக்கே இல்லாதவளுக்கு தல வாரல் எதுக்குன்னு கேளுங்க.

போன வெள்ளிக்கிழம ஒரு கேள்வி கேட்டாரு. அங்க வேலைக் கொந்தராத்து முடியுதாம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களாம். மகனே, உங்கம்மாவுக்கு நான் இல்லாம பழகிப் போச்சு, நான் ஒரேயடியா வந்து வீட்டுல உக்காந்தா அவளுக்கு எடஞ்சலா இருக்குமான்னு கேட்டாரு. அவளுக்குத் தெரியாம மெதுவா அவ வாயப் பிடுங்கி, வர்ற வெள்ளிக்கிழம எனக்குச் சொல்லு, சனிக்கிழம நான் அங்க பதில் சொல்லணும்னாரு.

போன்ல எப்படி தம்பி சொல்றது? என்கிட்ட அவரு கேக்கவே இல்லயே. நான் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்பாரு. ஏழு மாசமா பேசுனது யாருகிட்டன்னு தெரிஞ்சிரும். வெக்கத்துல அந்த மனுசன் அப்புறம் மழையான்னு கூட கேக்க மாட்டாரு.

என்ன எழுதப் போறேனா? பதிமூணு வருஷம் தனியா விட்டதுக்கு ஒரு ராத்திரியாவது தவிக்கட்டும், அம்மா ஒண்ணும் சொல்லலன்னு போடுவோமான்னு பஸ்ல யோசிச்சேன். பேராதனை வர்றதுக்குள்ள மனசு கேக்கல. பெருசா ஒண்ணும் இல்ல. அம்மா வரச் சொல்றாங்கப்பா, அவ்வளவுதான். அத அனுப்புற வரைக்கும் இது உயிரோட இருந்தா போதும் தம்பி. அதுக்கப்புறம் செத்தாலும் நான் வந்து உங்களக் கேக்க மாட்டேன்.